செக் என்ஜின் விளக்கும் ஐடிலிங் நடுக்கமும்

கார் ஓடாமல் நிற்கும்போது அதன் என்ஜினுக்கு வேலை மிகக் குறைவு. தன் உள் உராய்வை வெல்ல வேண்டும், ஆல்டர்னேட்டரைச் சுற்ற வேண்டும், ஏசி போட்டிருந்தால் கம்ப்ரசரையும் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டறைகளில் ஐடிலிங் என்று சொல்லப்படும் இந்த நிலையில் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 650 முதல் 800 சுற்று வரை சுழலும். ஆனால் பழைய காரில் குறைகள் முதலில் தலைகாட்டுவதும் இங்கேதான். நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடிய கார், சிக்னலில் நின்றதும் ஸ்டீயரிங்கும் இருக்கையும் அதிர நடுங்கும். கூடவே டேஷ்போர்டில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரியும்.

நின்றால் மட்டும் நடுங்குவது ஏன் என்பதற்கு இயற்பியலில் விடை இருக்கிறது. 700 சுற்றில் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து விநாடிக்கு ஏறக்குறைய 23 முறை எரிகின்றன. 3,000 சுற்றில் 100 முறை. ஒரு சிலிண்டர் எரியத் தவறினால், அடுத்த சிலிண்டர் எரியும்வரை என்ஜினைச் சுழற்றிக்கொண்டு போவது ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல். அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். 700 சுற்றில் ஃபிளைவீல் வைத்திருக்கும் ஆற்றல், 3,000 சுற்றில் வைத்திருப்பதில் பதினெட்டில் ஒரு பங்குதான். அதனால் வேகத்தில் கரைந்துபோகும் ஒரு தவறல், ஐடிலிங்கில் உடலை உலுக்கும் அதிர்வாகிறது. இன்னொரு காரணம் அளவுகளின் சிறுமை. 1.8 லிட்டர் என்ஜின் ஐடிலிங்கில் விநாடிக்குச் சுமார் 2.5 கிராம் காற்றை மட்டுமே இழுக்கிறது. அத்தனை சிறிய கணக்கில் சிறு பிழையும் பெரும் பங்காகிவிடும்.

விளக்கு எரிவது எதற்காக என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அது பயணியின் வசதிக்காக வைக்கப்பட்டதல்ல. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் பிள்ளை. கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் 1988 மாடல் கார்களிலிருந்து, என்ஜின் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் அதன் விரிந்த வடிவமான ஓபிடி-2 நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பா 2001-இல் பெட்ரோல் கார்களுக்கு அதை ஏற்றது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010-இல் முதல் கட்டமும் 2013-இல் இரண்டாம் கட்டமும் வந்தன. அமெரிக்க விதியின் அடிப்படை இது: ஒரு குறையால் புகையின் நச்சு, அனுமதித்த அளவைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடும் என்றால் விளக்கு எரிய வேண்டும். எனவே பெட்ரோல் டாங்க் மூடி சரியாக இறுகாமல் ஆவி கசிந்தாலும் விளக்கு எரியலாம். என்ஜின் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். மறுபுறம், என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்து கார் முழுதும் அதிர்ந்தாலும் விளக்கு எரியாது. மவுண்டிங்கால் புகை கெடுவதில்லை. நடுக்கமும் விளக்கும் சேர்ந்து வந்தால்தான் இரண்டுக்கும் ஒரே வேர் இருக்க வாய்ப்பு அதிகம்.

விளக்கு நிலையாக எரிந்தால் காரைப் பட்டறைவரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம். சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஓட்டக்கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய், அங்கே எரியத் தொடங்கிவிட்டது என்பதற்கான எச்சரிக்கை அது. கன்வர்ட்டரின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பு இருக்கிறது. வழக்கமான 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கும் அது, உள்ளே பெட்ரோல் எரியும் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு பிளக்கின் விலையில் முடிய வேண்டிய செலவு, பல மடங்காகப் பெருகுவது இப்படித்தான்.

எந்தச் சிலிண்டர் எரியத் தவறியது என்பதை என்ஜினின் கணினி கண்டுபிடிக்கும் முறை அழகானது. கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுழல்கிறது. அதன் பற்கள் கடப்பதை ஒரு சென்சார் எண்ணுகிறது. 700 சுற்றில் அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம் சுமார் 43 மில்லி விநாடி. ஒவ்வோர் எரிப்புக்கும் பிறகு சக்கரம் ஒரு துளி வேகம் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த அரைச் சுற்று இழுத்துக்கொண்டு நீளும். அந்த முறை எரிய வேண்டியது எந்தச் சிலிண்டர் என்று கணினிக்குத் தெரியும். இரண்டாம் சிலிண்டர் என்றால் பி0302, மூன்றாம் சிலிண்டர் என்றால் பி0303 என்று குறித்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் மாறி மாறித் தவறினால் பி0300.

ஸ்டீயரிங்கின் கீழே உள்ள 16 முனைச் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் இந்தக் குறியீடுகளைப் படிக்கலாம். இன்னும் பழைய சில கார்களில், சாக்கெட்டின் குறிப்பிட்ட இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்தால் விளக்கே எண்ணிச் சிமிட்டிக் குறியீட்டைச் சொல்லும். பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆக்சிஜன் சென்சாரின் பெயரோடு குறியீடு வந்தால் அந்தச் சென்சாரை மாற்றுவது, எரிப்புத் தவறல் என்று வந்தால் நான்கு பிளக்கையும் நான்கு காயிலையும் மாற்றுவது என்று பட்டியல் போடுகிறார்கள். குறியீடு சொல்வது எந்த அளவீடு எல்லை மீறியது என்பதை மட்டுமே. மீற வைத்த பாகம் எது என்பதை மனிதர்தான் தேடிக் காண வேண்டும்.

அந்தத் தேடலுக்குக் கிடைக்கும் முதல் சான்று, குறியீட்டோடு சேர்ந்து பதிவாகும் ஃபிரீஸ் ஃபிரேம். குறை தென்பட்ட அந்த நொடியில் என்ஜின் எத்தனை சுற்றில் இருந்தது, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது, கார் ஓடியதா நின்றதா என்பதெல்லாம் அதில் இருக்கும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். விளக்கு அணையும்தான், அதோடு ஃபிரீஸ் ஃபிரேமும், கணினி பல நாள் கற்று வைத்த எரிபொருள் திருத்தங்களும் அழிந்துபோகும். குறை அப்படியே இருக்க, அதைக் கண்டுபிடிக்க உதவும் தடயங்கள் மட்டும் போய்விடும். குறியீட்டையும் ஃபிரீஸ் ஃபிரேமையும் எழுதி வைக்காமல் எதையும் அழிக்கக் கூடாது.

எரிபொருள் திருத்தம் என்று இங்கே சொன்னது, ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் என்று தெரியும் எண். இந்தத் தேடலில் இதைவிடப் பயன்படும் எண் வேறில்லை. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். கலவை அந்த விகிதத்தில் இருக்கிறதா என்பதை ஆக்சிஜன் சென்சார் புகையை வைத்துச் சொல்கிறது. பழைய கார்களில் உள்ள சென்சார், பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை நோக்கியும் குறைந்தால் 0.1 வோல்ட்டை நோக்கியும் தாவும். அதைப் பார்த்துக் கணினி இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தத் திருத்தத்தின் விழுக்காடுதான் டிரிம். கூட்டல் பத்து என்றால், கணக்குப்படி போட வேண்டியதைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றியும் கணினி சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. காருக்குக் கார் மாறும் ஓர் எல்லையை, பெரும்பாலும் 20 முதல் 30 விழுக்காட்டுக்குள் இருப்பதை, தாண்டியதும் பி0171 பதிவாகும். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற புகார் அது.

இந்தக் குறியீட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு டொயோட்டா கொரோலாவின் 1இசட்இசட்-எஃப்இ என்ஜின். 1,794 சிசி, நான்கு சிலிண்டர், டைமிங் செயின் கொண்ட இது, வட அமெரிக்காவில் 1998 மாடலிலிருந்தும் இந்தியாவில் 2003-இல் அறிமுகமான கொரோலாவிலும் வந்தது. அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் வயதான பல கொரோலாக்கள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நடுங்கும். சில நிமிடங்களில் சூடேறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பி0171 பதிவாகியிருக்கும். இன்டேக் மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் கேஸ்கெட் வயதில் இறுகிப்போய், குளிரில் சுருங்கும்போது இடைவெளி விடுகிறது. சூட்டில் விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்கிறது. காரைப் பகலில் பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக்கின் கையில் எதுவும் சிக்காது. ஃபிரீஸ் ஃபிரேமில் கூலன்ட் குளிர்ந்திருந்தது என்ற ஒற்றை வரிதான் அங்கே துப்பு. இரவு முழுவதும் நிறுத்தி வைத்துக் காலையில் சோதித்தால் கசிவு வெளிப்படும்.

அந்த இடைவெளி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும் என்பதை ஒரு கணக்கு காட்டும். ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் 30 முதல் 35 கிலோ பாஸ்கல் வரைதான், வெளியே 101. மெக்கானிக்குகள் வேக்கம் என்று சொல்வது இந்த வித்தியாசத்தை. உள் அழுத்தம் வெளி அழுத்தத்தில் பாதிக்குச் சற்று மேலான அளவுவரை வந்துவிட்டால்கூட, துளை வழியே காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்குமேல் உள் அழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் கசியும் அளவு கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை வழியே இப்படி விநாடிக்குச் சுமார் 0.3 கிராம் காற்று நுழையும். ஐடிலிங்கில் இழுக்கும் 2.5 கிராமில் இது 12 விழுக்காடு. இதே என்ஜினை நின்ற இடத்தில் 2,500 சுற்றுக்கு ரேஸ் செய்தால், இழுக்கும் காற்று மூன்று மடங்குக்கு மேல் கூடும். துளையோ அதே 0.3 கிராமைத்தான் விடும். பங்கு நான்கு விழுக்காட்டுக்கு வந்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் மேனிஃபோல்டில் வேக்கமே இல்லை என்பதால் கசிவும் இல்லை.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று பிறக்கிறது. என்ஜின் சூடான பிறகு டிரிமை ஐடிலிங்கில் ஒருமுறையும் 2,500 சுற்றில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் கூட்டல் இருபதுக்கு மேலிருந்து, சுற்று ஏறியதும் ஐந்துக்குள் இறங்கினால் காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, சுற்றும் சுமையும் ஏறஏற டிரிமும் ஏறினால் பெட்ரோல் வரத்துக் குறைவு. பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். காற்றை அளக்கும் சூடான கம்பியில் தூசி படிந்து, வரும் காற்றைக் குறைத்துச் சொன்னாலும் இதே தோற்றம் வரும். அந்தக் கம்பியை அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டுமே கழுவ வேண்டும். பிரஷ் பட்டால் அறுந்துவிடும்.

இரண்டு வேகத்திலும் டிரிம் ஒரே அளவில் கூட்டலாக நின்றால் பெட்ரோலையே பார்க்க வேண்டும். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய, தன் எடையைப் போல் ஒன்பது மடங்கு காற்று போதும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு வேண்டிய விகிதம் 13.5-க்கு அருகில் வருகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு அமைத்த பழைய காரின் கணினி, இதை ஈடுகட்டவே ஏறக்குறைய எட்டு விழுக்காடு கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும். இது தன்னளவில் விளக்கை எரியவைக்காது. ஆனால் திருத்தத்துக்கு இருந்த இடத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டதால், முன்பு பொறுத்துக்கொண்ட சிறு கசிவு இப்போது எல்லையைத் தாண்டலாம். இந்தியச் சாலைகளில் பதினைந்து ஆண்டு பழைய காரைச் சோதிப்பவர்கள் இந்த எட்டைக் கழித்துப் பார்ப்பது நல்லது.

மேலே சொன்ன கசிவுக் கணக்கு, காற்றைக் கம்பியால் அளக்கும் கார்களுக்கு உரியது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் என்ஜின்களில் கதை வேறு. கசிவால் அழுத்தம் ஏறுவதைக் கணினி காற்று ஏறியதாகவே எடுத்துக்கொண்டு அதற்கேற்பப் பெட்ரோலும் சேர்த்துவிடும். கலவை கெடாது, ஐடிலிங் வேகம் கூடும். அதைக் குறைக்க முயன்று முடியாமல் போனால், ஐடிலிங் அதிகம் என்ற பி0507 வரும். ஒரே ஓட்டை, இரண்டு வகைக் கார்களில் இரண்டு வேறு புகார்களாக வருகிறது.

கசிவைத் தேட முதல் கருவி காது. பானெட்டைத் திறந்தால் சீறல் ஒலி கேட்கலாம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், கிராங்க் கேஸ் காற்றோட்டத்துக்கான பிசிவி ஹோஸ், இன்ஜெக்டர்களின் ஓ ரிங் ஆகியவை வயதில் வெடிக்கும் இடங்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடித்து, ஐடிலிங் சீராகிறதா என்று பார்ப்பது செலவில்லாத முறை. கார்புரேட்டர் கிளீனரை மேலே பீய்ச்சி, சுற்று மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் குழாயின் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். பட்டறையில் புகை செலுத்தும் இயந்திரம் இருந்தால், கசியும் இடத்தைக் கண்ணாலேயே காணலாம்.

எரிப்புத் தவறல் குறியீடு ஒரே சிலிண்டரைச் சுட்டினால் வழி இன்னும் நேரானது. பி0302 என்றால், இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாம் சிலிண்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் இடம் மாற்றலாம், பிறகு இன்ஜெக்டரை. புதிதாக எதையும் வாங்காமலே இவ்வளவையும் செய்ய முடியும் என்பதால், பாகம் மாற்றும் பட்டியலுக்கு முன்னால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கழற்றிய பிளக்கே நிறையச் சொல்லும். இளம் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கருமை, பெட்ரோல் மிகுதியால் வருவது. ஈரமான எண்ணெய்க் கருமை வந்தால் ரிங்கிலோ வால்வு சீலிலோ ஆயில் கசிகிறது; முன்பு சொன்ன கொரோலா என்ஜினின் தொடக்க ஆண்டு மாடல்கள் ஆயில் குடிப்பதில் பேர்போனவை. பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் மேல்மூடியின் கேஸ்கெட் போய்விட்டது. அந்த ஆயில் காயிலின் ரப்பரைக் கெடுத்து, மின்பொறியைப் பக்கவாட்டில் தாவ வைக்கும்.

ஒரே சிலிண்டரில் காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றும் நன்றாக இருந்தும் தவறல் தொடர்ந்தால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். நல்ல பெட்ரோல் என்ஜினில் அது பெரும்பாலும் 10 முதல் 14 பார் வரை இருக்கும். அந்த எண்ணைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்பதே முக்கியம். ஒன்று மட்டும் இரண்டு பார் குறைந்தாலும் ஐடிலிங்கில் தெரியும். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகத்துக்குரியது. சிஎன்ஜி, எல்பிஜிக்கு மாற்றிய கார்களில் எக்ஸாஸ்ட் வால்வின் சீட் வேகமாகத் தேயும். வால்வு மேலேறி இடைவெளி மறைந்து, சூடானதும் முழுதாக மூடாமல் நிற்கும். குளிரில் நன்றாக ஓடி, சூட்டில் நடுங்கும் கார்களில் இதை முதலிலேயே பார்த்துவிடலாம்.

குறியீடுகள் ஒன்றையொன்று பெற்றெடுக்கவும் செய்யும். எரியத் தவறிய சிலிண்டர், பயன்படாத ஆக்சிஜனை அப்படியே வெளியே தள்ளுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று சொல்ல, கணினி எல்லாச் சிலிண்டருக்கும் கூட்டி ஊற்றி, பி0171 பதிவு செய்துவிடும். சென்சார் சொன்னது உண்மை; அதை மாற்றிப் பயனில்லை. பி0302-உம் பி0171-உம் சேர்ந்து வந்தால் எரிப்புத் தவறலை முதலில் தீர்த்து, டிரிம் தானாக இறங்குகிறதா என்று பார்ப்பதே முறை.

குறியீடே இல்லாத நடுக்கங்களில் அடிக்கடி வருவது த்ராட்டில் பாடியில் படியும் கார்பன். மூடிய தட்டின் விளிம்பில் இருக்கும் மெல்லிய காற்று வழியை அது அடைக்கும். கேபிளால் இயங்கும் பழைய த்ராட்டிலில், அதன் பக்கத்திலுள்ள ஐடிலிங் வால்வும் ஒட்டிக்கொள்ளும். ஏசி போட்டதும் என்ஜின் அணைந்துபோவது இதன் அடையாளம். துடைத்துச் சுத்தம் செய்தால் போதும். மின்னணு த்ராட்டில் கொண்ட கார்களில், சுத்தம் செய்த பின் கணினி புதிய நிலையைக் கற்றுக்கொள்ளும்வரை ஐடிலிங் சில நேரம் கூடுதலாகவே இருக்கும். கூலன்ட் வெப்பச் சென்சாரும் குறியீடு இல்லாமலே ஏமாற்றக்கூடியது. அதன் மின்தடை 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேலும், 80 டிகிரியில் முந்நூறு ஓமுக்கு அருகிலும் இருக்கும். வயதான சென்சார் சூடான என்ஜினையும் குளிர்ந்ததாகச் சொல்லிப் பெட்ரோலைக் கூட்ட வைக்கும். ஸ்கேனரில் காட்டும் வெப்பமும், காலையில் என்ஜினைத் தொட்டால் தெரியும் நிலையும் பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே இது பிடிபடும்.

ஸ்கேனர் பேசாத பழைய காருக்கு, புகைச் சான்றிதழ் நிலையத்தின் கருவி கைகொடுக்கும். ஐடிலிங்கில் புகையின் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் அது அளக்கிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் எங்கோ எரிப்புத் தவறுகிறது. மோனாக்சைடு ஏறியிருந்தால் பெட்ரோல் மிகுதி. சான்றிதழுக்காக எடுத்த அந்தச் சீட்டை மெக்கானிக்கிடம் காட்டுபவர்கள் குறைவு. காட்டினால் பாதி வேலை முடிந்திருக்கும்.

பழுது பார்த்த பின் குறியீடுகளை அழித்துவிட்டு, டிரிமை மறுபடி இரண்டு வேகத்திலும் பார்க்க வேண்டும். அழிக்காமல் விட்டாலும், மூன்று ஓட்டங்கள் அடுத்தடுத்துக் குறையின்றி முடிந்தால் விளக்கு தானே அணையும். நினைவிலிருக்கும் குறியீடு, என்ஜின் நாற்பது முறை சூடேறி ஆறிய பிறகு மறையும். அழித்த கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். அவற்றில் கன்வர்ட்டரின் சோதனை முடிய, சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருக்கும். தவறலோடு நெடுநாள் ஓடிய காரில், எல்லாம் சரியான பிறகும் பி0420 என்ற புதுக் குறியீடு அப்போது வரலாம். கன்வர்ட்டருக்குப் பின்னாலுள்ள சென்சாரின் மின்னழுத்தம் நிலையாக நிற்காமல் முன்னுள்ளதைப் போலவே தாவிக்கொண்டிருந்து, சைலன்சர் குழாயில் கசிவும் இல்லையென்றால், கன்வர்ட்டர் தன் வேலையை இழந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும்.